மெஷினுக்கு என் முழங்கை தெரியாது

தம்பி, ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்காதே. நீயும் அம்மாவும் ஆயர் ஈத்தாம் பசாருக்குப் போயிருக்கிறீர்கள். திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடித்து, பாதி கட்டிய உன் பெட்டியில் சட்டைகளுக்கு மேல் வைத்துவிட வேண்டும். நேரிலேயே சொல்லலாம்தான். ஆனால் என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, நீ பதில் சொல்வதற்குள் காடிச் சாவியைத் தேடப் போய்விடுவேன். எழுதினால் அப்படி ஓட முடியாது. கொஞ்சம் வேகம் கூடினாலும் என் எழுத்து கோழி கிளறியது போல ஆகிவிடும், பிறகு உனக்கு ஒன்றும் புரியாது. அதனால் நிதானமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். நிதானம் என்றால் என் நிதானம். இந்தப் பக்கம் முடிவதற்குள் பால்கனிக்கும் மேசைக்கும் எத்தனை நடை நடந்தேன் என்பதைக் கேட்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு நீ மெல்பர்ன் போக வேண்டியவன். ரயில் சிக்னல் வேலை, நீயே ஆசைப்பட்டுத் தேடிப் பிடித்த வேலை. டிக்கெட் எடுத்தாயிற்று. ஆனால் நீ மறுபடியும் நாள் கேட்கப்போகிறாய் என்று அம்மா புதன்கிழமை சொன்னாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஏற்கனவே ஒரு தடவ தள்ளிப் போட்டுட்டானாம். இதுக்கு மேல தள்ளுனா அவங்க வேற ஆளப் பாத்துக்குவாங்களாம். யாருக்காகத் தள்ளுறான்னு நெனைக்கிறீங்க, எனக்காகவா?" என்றாள். முதல் தடவை தள்ளியதே எனக்குத் தெரியாது. இன்று சாயங்காலத்துக்குள் நீ நாள் கேட்டு அவர்களுக்கு மெயில் அனுப்பிவிடுவாயோ என்றுதான் பேனாவை எடுத்தேன். அனுப்பாதே. இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான். மற்றதெல்லாம் நான் அந்தச் சொல்லுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்கிற கதை, அவசரம் இல்லாதபோது படித்துக்கொள்.

ஏழரையின் கதை உனக்குத் தெரியும். ஆனாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை கேள். ஜாஸையும் ராக்கையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, பாடகரே இல்லாமல், ஒவ்வொரு பாட்டையும் ஒரு பசியாறல் நேரத்துக்கு நீளமாக வாசிக்கிற ஒரு குழுவை நான் ஆரம்பித்தபோது, அதற்கு என்ன பெயர் வைப்பது என்று பேஸ் வாசிக்கிற சியோங்கும் கிட்டார் வாசிக்கிற குணாவும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தாளம் நாலில் நிற்காது, ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும். அதனால் ஏழரை என்றே வைத்துவிட்டேன். "சனியனக் கூப்பிட்டு நடு வீட்டுல ஒக்கார வச்சிட்டீங்களே" என்று அம்மா கத்தினாள். சியோங்குக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவே பல நாள் ஆனது. புரிந்த பிறகு தன் பேஸ் கிட்டார் பெட்டியில் அதைப் பெரிதாக எழுதி ஒட்டிக்கொண்டான். டிரம்ஸ்காரன் பின்னால் உட்கார்ந்து தட்டுகிறவன், பாடுகிறவன் சொல்வதைக் கேட்கிறவன் என்று மற்ற குழுக்களில் வைத்திருக்கிறார்கள். நான் டிரம்ஸ் வாசிக்கிற எங்கள் குழுவில் அப்படி இல்லை. பாட்டைக் கட்டுவது நான், ஆரம்பிப்பது நான், முடிப்பது நான். ஒன் டூ த்ரீ என்று எண்ணிச் சொல்கிற வழக்கமும் கிடையாது. என் இடது முழங்கை மேலே போனால் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும், கீழே வந்தால் உள்ளே விழ வேண்டும். நீ கீபோர்டுக்கு வந்த நாளிலிருந்து உன்னை என் இடது பக்கத்தில் உட்கார வைத்ததே அந்த முழங்கை மறையாமல் தெரிவதற்குத்தான்.

நாம் முதன்முதலாக வெளியே வாசித்த அந்தக் கல்யாண விருந்து ஞாபகம் இருக்கிறதா? குணாவின் சொந்தக்காரர் வீட்டு விருந்து. மாப்பிள்ளையின் மாமன்மார்கள் டையை அவிழ்த்துத் தலையில் கட்டிக்கொண்டு ஆட வந்தார்கள். ஏழில் ஆட யாருக்குத் தெரியும்? ஒருவர் காலை ஒருவர் மிதித்து, கேக் மேசையில் போய் மோதி நின்றார்கள். "என்னாங்க, பாட்டு நொண்டுது?" என்று ஒருவர் மைக்கிலேயே கேட்டார். அதற்குமேல் நம்மை விடவில்லை, ஒரு டிஜேயைக் கூப்பிட்டு நமக்குச் சாப்பாட்டைத் தபாவ் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். காடியில் வரும்போது எனக்கு ஒரே ஆத்திரம். நீ பின் சீட்டில் பிரியாணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அவங்க ஆடுனது நல்லாத்தான் இருந்திச்சிப்பா, ஒரு கால்தான் மிச்சம்" என்றாய். குணா சிரித்த சிரிப்பில் நான் காடியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. எனக்குச் சூடு ஏறும்போதெல்லாம் நீ இப்படி ஏதாவது சொல்லி இறக்கிவிடுவாய். அதை நான் உன் குணம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அது ஒரு வேலை என்று தோன்றியதே இல்லை.

நான் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட ஆள் என்பது இந்த பிளாட்டுக்கே தெரியும். எங்கே கிளம்பினாலும் முதலில் கீழே இறங்கிக் காடியில் உட்கார்ந்து ஹார்ன் அடிக்கிறவன் நான். அம்மா எத்தனை கல்யாணங்களுக்குப் பாதிப் பின்னலோடு லிப்டில் இறங்கி வந்திருக்கிறாள்! தாப்பா ஓய்விடத்தில் நடந்ததை நான் வெளியே யாரிடமும் சொன்னதில்லை, அம்மாதான் சொல்லாத ஆளில்லை. நீ சின்னப் பையன். கோலாலம்பூருக்குப் போகும் வழியில் அம்மா கழிவறைக்குப் போனாள். நான் காடிக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன், கதவு மூடிய சத்தம் கேட்டது, கிளம்பிவிட்டேன். அது பக்கத்துக் காடியின் கதவு. கொஞ்ச தூரம் போன பிறகு நீ மெதுவாக, "அப்பா, அம்மா அடுத்த காடியிலயா வர்றாங்க?" என்று கேட்டாய். அழவில்லை, கத்தவில்லை. நெடுஞ்சாலையில் சட்டென்று திரும்பவா முடியும்? அடுத்த வெளிவழி வரைக்கும் போய், சுற்றி வளைத்து வந்து சேர்ந்தபோது அம்மா ஒரு கொய்யாப்பழப் பையோடு வெயிலில் நின்றாள். பளார் என்று ஒன்று விழும் என்று நான் நினைத்தேன். நீ இறங்கிப் போய் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "நாங்க சும்மா ஒரு ரவுண்டு போனோம்மா" என்றாய். தண்ணீர்மலையிலும் அப்படித்தான். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தோமே, உறுமி மேளக்காரர்கள் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று வாசிக்கிறார்கள் என்று எனக்குப் பொறுக்கவில்லை, "கொஞ்சம் லாஜுவா வாசிங்க தம்பி" என்று அவர்களுக்கே சொல்லிவிட்டு முன்னால் ஏறிப் போய்விட்டேன். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் என் குடும்பம் எங்கோ பாதி மலையில். நீ அம்மாவோடு, மேளத்துக்கு ஏற்றபடி, ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருந்தாய். முருகன் யார் பாலை முதலில் எடுத்துக்கொண்டான் என்று உன் அம்மா இன்றைக்கும் கேட்கிறாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அடுத்த வாரம் டவுனில் அந்தச் சின்ன அரங்கத்தில் நம் நிகழ்ச்சி. நீ இருக்க மாட்டாய். அதற்காக நீ பல ராத்திரிகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் பங்கு முழுவதையும் லேப்டாப்பில் வாசித்து வைத்தாய். "இந்த நீளப் பட்டன அமுக்குனா போதும்ப்பா. காதுல டிக் டிக்னு வரும், அதோட போங்க, நான் கூடவே இருப்பேன்" என்றாய். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சியோங்கின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாடியில், டயர் வாடைக்கு நடுவில், வழக்கம்போல உட்கார்ந்தோம். நீ கீபோர்டில் உட்காராமல் கதவுப் பக்கம் நின்றாய். பட்டனை அமுக்கினேன். டிக் டிக் என்றது. முழங்கையைத் தூக்கினேன், இறக்கினேன். முதல் பாட்டில் பாதி தாண்டுவதற்குள் நான் பினாங்குப் பாலத்தில் பாதி தூரம் போய்விட்டேன், உன் கீபோர்டு இன்னும் டோல் சாவடியில் நின்றுகொண்டிருந்தது. நிறுத்தி மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் அதே கதைதான். "மெஷின் ஸ்லோவா ஓடுதுலா!" என்று நான் கத்தினேன். சியோங் தன்னுடைய கலப்படத் தமிழில், "மெஷின் எப்படி அண்ணே ஸ்லோவா ஓடும்? நீங்கதான் லாஜு" என்றான். இதே முழங்கையைத் தூக்கித்தான் இத்தனை காலம் எல்லோரையும் இழுத்துப் போனேன். மெஷினுக்கு என் முழங்கை தெரியவில்லை. நீ வந்து லேப்டாப்பை மூடினாய். "பரவாலப்பா, பாத்துக்கலாம்" என்றாய். அந்தப் "பாத்துக்கலாம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று மறுநாள் அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது.

நீ கீழே இறங்கிப் போன பிறகு குணாவைப் பிடித்து உலுக்கினேன். எனக்கு இது எப்போதிலிருந்து என்று கேட்டேன். குணா கிட்டாரைத் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "எப்பவுமே இப்டித்தாண்ணே. ஏழு வந்தா நீங்க ஓடிருவீங்க. தம்பிதான் லெப்ட் ஹேண்டக் கொஞ்சம் லேட்டாப் போட்டு ஒங்களப் புடிச்சு இழுப்பாரு. நாங்க ரெண்டு பேரும் அவரு லெப்ட் ஹேண்டப் பாத்துத்தான் வாசிப்போம்" என்றான். சியோங் ஜன்னல் வழியே தெரிகிற மலைக்கோயிலை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! என் குழு, நான் கட்டிய பாட்டு, என் முழங்கை. மூன்று பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் என்னை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். நான் முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், பிரேக் உன் காலடியில் இருந்திருக்கிறது. கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. வெட்கம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றினேன். பசாருக்குப் போனேன், மீன் வாங்கப் போய் மீன் இல்லாமல் திரும்பினேன். என்னை அரித்தது இதுதான், தம்பி. நான் சரியாக வாசித்தால் நீ போய்விடுவாய். நான் சொதப்பினால் நீ இருப்பாய். செவ்வாய்க்கிழமை டிரம்ஸ் பெடலில் என் கால் ஓடியது வழக்கமான ஓட்டமா, அல்லது உன்னை அனுப்ப மனசில்லாமல் ஓடிய ஓட்டமா? வேண்டுமென்றே செய்யவில்லை என்று சத்தியம் செய்யலாம். ஆனால் நீ "பாத்துக்கலாம்" என்றபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்ததே, அதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? நீ எனக்குப் பிள்ளை. உன்னை வீட்டோடு வைத்துக்கொள்ள ஆசைப்படுவது தப்பா என்று கேட்டால் தப்பில்லை. ஆனால் என் அவசரத்துக்கு உன்னைக் காவல் வைத்துக்கொண்டு அதற்குப் பெயர் பாசம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதனால் நேற்று உனக்குச் சொல்லாமல் அவர்கள் இரண்டு பேரையும் மறுபடி மாடிக்குக் கூப்பிட்டேன். முதலில் மெஷினோடுதான் முயற்சி செய்தோம். சொல்லவே வேண்டாம், வழக்கம்போலத்தான். லேப்டாப்பை மூடச் சொன்னேன். "வேற கீபோர்டு ஆளப் பாப்பமா?" என்று குணா கேட்டான். வேண்டாம், மூன்று பேராகவே வாசிப்போம், தம்பி தனியாக வாசிக்கிற இடத்தை மட்டும் அப்படியே காலியாக விடுவோம் என்றேன். அந்த நீளமான பாட்டில், எல்லோரும் அடங்கி நீ மட்டும் போவாயே, அந்த இடம். சியோங் அடியில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், குணா சும்மா இருக்க வேண்டும், நான் ஒரு சிம்பலில் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் தடவை அந்த இடம் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, பாதியிலேயே முழங்கையைத் தூக்கி எல்லோரையும் உள்ளே இழுத்துவிட்டேன். "காலியா இருக்குற எடத்தப் பாத்து ஏன் அண்ணே இவ்ளோ தாக்கோட்?" என்று சியோங் கேட்டான். பயமா என்று என்னைப் பார்த்து யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று வரும். ஆனால் பயம்தான். அமைதியாக இருந்தால் ஏதோ கைவிட்டுப் போய்விடும் என்கிற பயத்தில்தான் நான் வாழ்க்கை முழுக்க ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தேன் போல.

மறுபடி ஆரம்பித்தோம். அந்த இடம் வந்தபோது என்ன செய்வது என்று தெரியாமல், நீ வாசிப்பதை வாய்க்குள் முனகிக்கொண்டேன். நீ எங்கே தயங்குவாய், எங்கே வேண்டுமென்றே ஒரு சுரத்தைத் தாமதமாகப் போடுவாய், எங்கே என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாய், எல்லாம் வந்தது. எனக்கு இதெல்லாம் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நீ வாசிக்கும்போதெல்லாம் அடுத்து நான் எங்கே நுழைவது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், இப்போது நீ இல்லாதபோதுதான் உன்னை முழுசாகக் கேட்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்து சிம்பல் மங்கலாகத் தெரிந்தது, துடைக்கக் கை இல்லை. நீ முடிக்கிற இடத்தில் முடித்த பிறகுதான் முழங்கையைத் தூக்கினேன். வாசித்து முடித்ததும் குணா போனில் பதிவு செய்திருந்ததைப் பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தான். "அண்ணே, தம்பி எடத்துல நீங்க ஓடல" என்றான். மற்ற இடங்களில் ஓடினேனா என்று கேட்டேன். இரண்டு பேரும் கீழே இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் அப்படியே வாசிக்கப்போகிறோம். மெஷின் வேண்டாம், நீ வாசித்து வைத்ததை அம்மா கேட்பதற்கு வைத்துக்கொள்கிறேன். அந்தக் காலி இடம் வரும்போது அரங்கத்தில் சிலபேர் கரண்ட் போய்விட்டது என்று நினைக்கலாம், நினைக்கட்டும். நாங்கள் நன்றாக வாசிப்போம் என்று சொல்லவில்லை. மோசமாகவே போகட்டும், அதைச் சரி செய்ய நீ இங்கே இருக்க வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன். அதனால் அந்த மெயிலை அழித்துவிடு.

அப்பா என்றால் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் அல்லவா, சொல்கிறேன். அங்கே போய் இன்னொரு அவசரக்காரனிடம் மாட்டிக்கொள்ளாதே. மேலதிகாரி ஆனாலும் சரி, நாளைக்கு நீ கட்டிக்கொள்ளப்போகிறவள் ஆனாலும் சரி. அவர்கள் ஓட ஓட நீ பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பாய், உன் கை வலிப்பது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் நீ சொல்ல மாட்டாய். வலித்தால் சொல். நீ கொஞ்சம் ஓடியும் பார், மற்றவர்கள் உனக்காக இழுத்துப் பிடிக்கட்டும். வாசிக்க ஆட்கள் கிடைத்தால் கூச்சப்படாமல் நீயே ஒரு குழுவை ஆரம்பி. இத்தனை வருஷம் என் முழங்கையைப் பார்த்திருக்கிறாய், உன் முழங்கையை நீ யாருக்கும் தூக்கிக் காட்டியதில்லை. ரயில்களாவது உன் சிக்னலுக்கு நிற்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மாவைக் கூப்பிடும்போது அவள் போனை என்னிடம் கொடுப்பதற்குள் வைத்துவிடாதே, நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பேன்.

கீழே லிப்ட் சத்தம் கேட்கிறது, நீங்களாக இருக்கலாம். இன்னும் ஒன்றே ஒன்று. நாளைக்கு உன்னை பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன், கிராப் டாக்சி எல்லாம் போடாதே. எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று நீ சொல். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நான் முதலில் இறங்கித்தான் போவேன், அந்தப் புத்தி மாறாது. ஆனால் காடியில் உட்கார்ந்து சும்மா இருப்பேன், ஹார்ன் அடிக்க மாட்டேன். அம்மா முழுசாகப் பின்னிக்கொண்டு வரட்டும். நீ அறையை எல்லாம் ஒரு தடவை பார்த்துக்கொள், சாமி கும்பிட்டுக்கொள், மறந்தது ஏதாவது இருந்தால் திரும்பிப் போய் எடுத்துக்கொள். எனக்காக ஓடி வராதே. நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ எவ்வளவு மெதுவாகக் கிளம்பினாலும் எனக்குப் போதாது, தம்பி.